வெறும் மணிக்கட்டு

பிப்ரவரி 24

குருவிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருப்பவன் போனை அணைத்து வைக்கமாட்டான். உன் புது பாராசூட் மைதானத்தின் அலுவலகப் பெண்ணிடம், "நான் அவனோட அண்ணி, முகவரிய மட்டும் குடும்மா" என்று மூன்று தடவை கெஞ்சி வாங்கினேன். கடிதத்தை அணைத்து வைக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் விழுந்த நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அவர் கால்மாட்டில் ஐந்து நிமிடம் நின்றாய். "வரேன் அண்ணி" என்றாய், ஏதோ கடைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி. பதினோரு மணி நேரப் பயணம் போகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்யாணமாகி வந்தபோது நீ ஏழாம் வகுப்பு. உன் பொய்க் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் அட்டைகளைக் கண்டுபிடித்தவள் நான்தான். என்னிடம் ஒளிவதற்கு இவ்வளவு தூரம் போதாது.

அவருக்கு இடுப்பெலும்பில் இரண்டு முறிவு, வலது காலில் கம்பி, தலையில் அடி. நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். விமானத்தில் ஏறியதுவரை நினைவிருக்கிறதாம். அதற்கப்புறம் ஆம்புலன்ஸின் கூரைதானாம்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அவர்கள் சொல்வது இது: எரிபொருள் வண்டிக்காரரும் காவலாளியும் படபடவென்று துணி அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் தலையைத் தூக்கியிருக்கிறார்கள். அதற்குள் அவர் முறுக்கிக்கொண்ட மெயின் பாராசூட்டைக் கழற்றிவிட்டார். ஆபத்துக்கென்று வைத்திருக்கிற ரிசர்வ் பாராசூட் தலைக்குமேல் மூட்டையாக இழுபட்டதாம், ரொம்ப நேரம் விரியவே இல்லையாம். அது விரிந்தபோது முந்நூறு அடிகூட இல்லை. திருப்ப நேரமில்லாமல் வடிகாலின் சிமெண்ட் கரையில் மோதிச் சேற்றில் விழுந்தார். கையில் கட்டியிருந்த உயர மீட்டர் கீறல்கூட இல்லாமல் சரியாக ஓடுகிறது. ஆக, உயரம் அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறவர் நேரத்துக்குத்தான் இழுத்திருப்பார். அப்படியானால் தாமதித்தது ரிசர்வ்.

மெயினை அவரவரே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை உரிமம் உள்ளவர்தான் மடிக்கவேண்டும். சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரையை அழுத்தினால் அது மடித்தவரின் வாக்கு. இதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் குழுவில் இருந்த ஒருவருக்கு நான் முதலில் இதைத்தான் சொல்லிப் புரியவைத்தேன். சொல்லிமுடித்ததும் அவர், "அப்போ அந்த முத்திரை உங்களோடதுதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

மடிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். என் உரிமம் நிறுத்திவைப்பு. நான் மடித்த மற்ற இருபத்துமூன்று ரிசர்வையும் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். மார்ச் 31 கடைசி விசாரணை.

மேலே நடந்ததைப் பார்த்தது உன் தலையில் இருந்த கேமரா ஒன்றுதான். நீ குழுவிடம், நாலாயிரம் அடியிலேயே உன் பாராசூட்டை விரித்துத் திரும்பிவிட்டதாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும், மெமரி கார்டில் எதுவும் பதிவாகவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறாய். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் பதிவாகாமல் போகாத கார்டு அன்றைக்குப் பார்த்துப் பதிவாகவில்லையா? உன் கேமராவுக்கு மட்டும் கண்வலியா?

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். நான் மடித்தது எப்படி விரிந்தது?

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். திட்டு வாங்கக்கூட ஒரு தைரியம் வேண்டும், நம்மிடம் அது எப்போதும் கையிருப்பு குறைவு.

இங்கே வேலை பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை மேலே போகிறேன். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்க வருகிறவர்களைப் படம் பிடிப்பதுதான் வேலை. கதவு திறந்ததும் எல்லோருக்கும் ஒரே முகம்தான், அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படம் வாங்குகிறார்கள். தங்கும் அறையில் இரண்டு ஜன்னல். பக்கத்துக் கட்டிலில் விமானி. அவர் குறட்டை விட்டால் எஞ்சின் ஓடுகிற மாதிரி இருப்பதால் எனக்குச் சுகமாகத் தூக்கம் வருகிறது.

கார்டு விஷயம் நான் எழுதிக் கொடுத்ததுதான் அண்ணி. சில சமயம் அப்படி ஆகும். குளிரில் பேட்டரி இறங்கிவிடும். விடிகாலை முதல் விமானம் அது, உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். உங்கள் கைமேல் நீங்கள் சந்தேகப்படாதீர்கள். நீங்கள் மடித்தது இரண்டு விநாடியில் விரிந்தது. வண்டிக்காரருக்கும் காவலாளிக்கும் என்ன தெரியும்? ஆள் விழுவதைக் கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு விநாடி இருபது விநாடி மாதிரி இருக்கும். குழுக்காரர்கள் கடைசியில் 'சந்தேகத்தின் பலன்' என்று ஏதாவது எழுதி முடித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அண்ணன் சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

குருவி


மார்ச் 10

குருவிக்கு,

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. ஆனால் இந்தத் தடவை வாலை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

நாலாயிரம் அடியில் திரும்பிவிட்டவனுக்கு, எதையும் பார்க்காதவனுக்கு, அது இரண்டு விநாடியில் விரிந்தது என்று எப்படித் தெரியும்? 'விரிந்திருக்கும்' என்று எழுதியிருந்தால்கூட விட்டிருப்பேன். 'விரிந்தது' என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்திருக்கிறாய்.

இங்கே நடப்பதைக் கேட்டுக்கொள். இருபத்துமூன்றையும் பிரித்துவிட்டார்கள். எதிலும் குறை இல்லை. "மற்றதெல்லாம் சரியா இருக்கறதால அதுவும் சரியா இருந்திருக்கும்னு சொல்ல முடியாதே" என்றார் குழுத்தலைவி அம்மாள். நியாயம்தான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். என்னிடம் இரண்டு வருஷமாக ரிசர்வ் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பல் டாக்டர் பெண் நேற்று வழியில் பார்த்தாள். பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் உயிர் ஒன்றுதான்.

கோபமெல்லாம் என்மேல்தான். உன் அண்ணனின் ரிசர்வை மடித்த அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடவில்லை என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது. அந்தக் கோபத்தோடுதான் மடிப்பறைக்குப் போனேன். ஒவ்வொரு மடிப்பும் எனக்கு நினைவிருக்கிறது. வேலை முடிந்ததும் கவ்விகள், ஊசிகள், எடைப்பைகள் என்று பதினோரு சாமான்களையும் எண்ணி வைப்பேன், ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஆள் முடிந்தார். எண்ணியதாகத்தான் மடிப்புப் பதிவு அட்டையில் எழுதியிருக்கிறேன். எண்ணினேனா, எண்ணியதாக எழுதினேனா? இந்த ஒரு மாதமாக இதுதான் என் சமையல், இதுதான் என் குளியல். புருஷனைக் கொல்லப் பார்த்தவள் நானா இல்லையா என்று தெரியாமல் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேணும்னா செஞ்ச? விடு. நான் உன்ன ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா" என்றார். பக்கத்து வீட்டம்மா கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இப்படி ஒரு மனுஷனா என்று. எனக்கு அந்தக் கையை உதறவேண்டும்போல் இருந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. அவர் குதித்தபோது போட்டிருந்த முழு உடுப்பை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். துவைக்கலாம் என்று நேற்று எடுத்தேன். மீட்டர் வலது கையில் இருந்ததாகக் குழுவின் போட்டோவில் இருக்கிறது. வலது கை முழுக்க, நுனியிலிருந்து முழங்கைவரை, ஒரே சேறு. துணியைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மீட்டரைக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்திருந்தால் பட்டை இருந்த இடம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குச் சுத்தமாக இருக்கவேண்டும். அப்படி இல்லை. பட்டைக்கு அடியிலும் சேறு.

அது அவர் விழுந்த பிறகு கட்டப்பட்டது. அவர் பக்கத்தில் முதலில் போய் நின்றவன் நீ.

துவைக்காமல் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எழுது.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் மறுபடி ஏதாவது வேடிக்கை பேசி மழுப்பிவிடுவேன்.

மீட்டரைக் கட்டியது நான்தான்.

அந்தக் கைக்கடிகார விளம்பரம் உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் கடிகாரத்தையும் பளபளப்பான ஒரு ஹெல்மெட்டையும் பார்சலில் அனுப்பியிருந்தார்கள். அண்ணன் மல்லாந்து விழவேண்டும், இடது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவரவேண்டும், கடிகாரத்தின் முகத்தில் காலை வெயில் படவேண்டும். இதுதான் காட்சி. முதல் நாள் எடுத்ததில் மறு கையில் இருந்த மீட்டரும் தெரிந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். "ரெண்டு கடிகாரம் கட்டின மாதிரி இருக்கு" என்றார்களாம். அதனால் விமானத்தில் வைத்து அண்ணன் மீட்டரைக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டார். உயரத்துக்குப் பீப் அடிக்கிற கருவி அவருடைய பழைய ஹெல்மெட்டுக்குள் இருந்தது. புது ஹெல்மெட்டில் அதற்கு இடமில்லை.

நான் கேட்டேன் அண்ணி. "அண்ணே, மீட்டரும் இல்ல, பீப்பும் இல்ல, எப்படி?" என்றேன். "நீ எதுக்குடா இருக்க? உன் காதுல ரெண்டு பீப் இருக்குல்ல. அஞ்சாயிரத்துல கையக் காட்டு, நான் பெரண்டு இழுத்துடறேன்" என்றார்.

மீட்டர் இல்லாதவன் விமானத்தில் ஏறக்கூடாது என்று முதல் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவர் சொன்னதால் அதை மீறுவதும் சரி என்று இருந்துவிட்டேன்.

ஐயாயிரத்தில் பீப் அடித்தது. கேட்டேன். அந்த நேரம் பார்த்து வெயில் சரியாகக் கடிகாரத்தில் விழுந்தது. அண்ணன் சிரித்தார். இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரு நொடி என்று இருந்தேன். எனக்கு அது மூன்று விநாடியாகத்தான் இருந்தது. அப்புறம் படத்தில் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. இரண்டாவது பீப் இரண்டாயிரத்து ஐந்நூறில் காதைக் கிழித்தபோதுதான் கையை ஆட்டினேன். அண்ணனுக்குத் தரை முதுகுப்பக்கம். என் முகத்தைப் பார்த்துத்தான் உயரத்தைத் தெரிந்துகொண்டார்.

பதறிப் புரண்டு இழுத்ததில் மெயினின் கயிறுகள் முறுக்கிக்கொண்டு அவர் பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தார். எழுநூறு அடியில் கழற்றினார். ரிசர்வை இழுத்தார். என் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டே விநாடி அண்ணி. அதைவிடச் சுத்தமாக ஒரு ரிசர்வ் விரிந்து நான் படம் எடுத்ததில்லை. அண்ணன் உயிரோடு இருப்பது உங்களால்தான்.

நான் இறங்கி ஓடியபோது அண்ணன் மயக்கத்தில் இருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, மீட்டரை எடுத்துக் கட்டிவிட்டேன். அவர் மானம் போகக்கூடாது என்றுதான். பழி உங்கள் பக்கம் திரும்பும் என்று அந்த நிமிடம் நான் யோசிக்கவில்லை. யோசித்தபோது குழுவுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்களுக்கு ஆறு மாத நிறுத்திவைப்போடு முடிந்துவிடும் என்று இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். படம் வெளியே போனால் அண்ணனுக்கு ஆயுளுக்கும் போச்சு. எனக்கும்தான். எது பெரிய நஷ்டம் என்று நீங்களே பாருங்கள்.

குருவி


மார்ச் 20

குருவிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இரண்டு விநாடி என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பது நாளாக இந்தக் கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படித்தேன்.

எனக்கு ஆறு மாதம், உங்களுக்கு ஆயுள், எது பெரிது என்று பார்க்கச் சொல்கிறாய். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பழியை யார் சுமந்தால் மலிவாக முடியும் என்று விலை விசாரித்துச் சொன்னவன் நீ ஒருவன்தான். ஆறு மாதம் கழித்து உரிமத்தைக் கொடுப்பார்கள், சரி. அந்தப் பல் டாக்டர் தன் ரிசர்வை என்னிடம் கொடுப்பாளா? நீ கொடுப்பாயா?

அந்த மெமரி கார்டு 31க்கு முன்னால் எனக்கு வேண்டும்.

இன்னொரு கேள்வி. அண்ணன் மயக்கத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறாய். ஆம்புலன்ஸ்காரரின் குறிப்புத் தாள் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கிறது. 'நினைவுடன் இருந்தார். ரத்த வகையையும் மனைவியின் போன் எண்ணையும் தானே சொன்னார்' என்று எழுதியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது எட்டாவது நிமிடம். அதற்குள் ஒருவர் மயங்கி, தெளிந்து, போன் எண்ணைத் தப்பில்லாமல் சொல்லவும் முடியும். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். நான் டாக்டரைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

இந்த ஒன்றிலாவது பொய் சொல்லாதே.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

கார்டு இந்த உறைக்குள் சின்ன டப்பாவில் இருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன், 28க்குள் வந்துவிடும் என்றார்கள். வேறு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

ரிசர்வ் விரிகிற இடம்வரை பாருங்கள். அதற்கப்புறம் கேமரா என் தலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்துவிட்டேன். தரையில் நடந்ததைக் கேட்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன் மயக்கத்தில் இல்லை.

"மீட்டர எடு. கட்டுடா" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "கட்டுடா, ஆள் வரதுக்குள்ள" என்றார். கட்டினேன். ஆஸ்பத்திரியில் நான் கால்மாட்டில் நின்றபோது அவர் என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்தது, நினைவில்லை என்று சொல்லப்போகிறார் என்று. அங்கே இருந்தால் உளறிவிடுவேன், அதனால்தான் ஓடிவந்தேன்.

என்ன செய்வதாக இருந்தாலும் செய்யுங்கள். நான் ஏதும் சொல்லமாட்டேன்.

குருவி


ஏப்ரல் 2

குருவிக்கு,

கார்டு 27ஆம் தேதியே வந்துவிட்டது. நீ சொன்னபடி ரிசர்வ் விரிகிற இடம்வரை பார்த்தேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முதலில் சின்னக் குட்டிப் பாராசூட் குதித்து வெளியே வருகிறது, பின்னாலேயே கயிறுகள் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, அப்புறம் துணி. நான் பதினோரு சாமான்களையும் எண்ணியிருக்கிறேன். சண்டை போட்டுவிட்டு வந்தாலும் எண்ணியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு முன்னறைக்குப் போனேன். "படம் வந்துடுச்சு" என்றேன்.

என்ன படம் என்று கேட்கவில்லை. எப்படி வந்தது, யார் அனுப்பினது என்று கேட்கவில்லை. "எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டார்.

நினைவில்லாதவர் கேட்கிற கேள்வியா அது? உன் கடிதத்தைப் படித்த பிறகும் என் மனசின் ஒரு மூலை, குருவி பயத்தில் உளறுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கேள்வியில் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

"ரிசர்வ் விரியற வரைக்கும் பாத்தேன்" என்றேன். அது உண்மைதான், அதற்குமேல் நான் பார்க்கவில்லை. அப்புறம் அவர் வெறும் மணிக்கட்டோடு குதித்ததையும், கையைக் காட்டச் சொல்லி உன்னிடம் ஒப்படைத்ததையும் தானாகவே சொன்னார். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வருகிறதாம்.

"எனக்கு மன்னிப்பு குடுத்தீங்களே, அது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

"நீ தாங்குவேன்னு நெனச்சேன்" என்றார்.

குருவி, பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன பெரிய பாராட்டு இதுதான். பக்கத்து வீட்டம்மா இருந்திருந்தால் இதற்கும் கண்ணைத் துடைத்திருப்பாள்.

நான் கத்தவில்லை. "31ஆம் தேதி நீங்களே வந்து சொல்லுங்க. உங்க வாயால சொன்னா படத்த நான் குடுக்கல" என்றேன். அவர் சரி என்றார். அழுதார்கூட. அழுகிறவரைப் பார்த்து எனக்கும் மனசு இளகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன இருந்தாலும் உடைந்த இடுப்போடு கிடக்கிற மனுஷன். ஒரு நிமிடப் பயத்தில் சொன்னது, அப்புறம் பின்வாங்க வழி தெரியவில்லை என்று நானே அவருக்காக வாதாடிக்கொண்டேன். சட்டையை நான்தான் தேய்த்துப் போட்டுவிட்டேன்.

பயிற்சி மையத்தின் வகுப்பறையில் விசாரணை நடந்தது. சக்கர நாற்காலியை மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நான் சுவரோரம் உட்கார்ந்தேன். கைப்பைக்குள் கார்டு இருந்தது. அவருடைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றார்கள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். மீட்டர் கட்டவில்லை, தப்பு என்னுடையது, ரிசர்வில் எந்தக் குறையும் இல்லை, என் மனைவிமேல் பழி வந்தது அநியாயம் என்றார். பின்னால் நின்ற பையன் ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

குழுத்தலைவி அம்மாள் குறிப்பு எழுதிக்கொண்டே, "மீட்டர் கட்டலன்னா, நாங்க உங்க கையில பாத்த மீட்டர் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பிதாங்க. பாசத்துல செஞ்சுட்டான். எனக்கு அப்போ நெனவே இல்ல. இந்த வாரம்தான் எனக்கே தெரியும். அவன மன்னிச்சுடுங்க."

மறுபடியும் மன்னிப்பு. அதே குரல், அதே முகம், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, அதே நிதானம். தடயத்தைத் திருத்தியது யார் என்பதுதான் அங்கே பெரிய குற்றம். அது உன் தலையில் விழுந்தால் நீ இனி எந்த நாட்டு மைதானத்துக்குள்ளும் கால்வைக்க முடியாது. குழுத்தலைவி உன் பெயரை எழுத ஆரம்பித்தார்.

நான் எழுந்து போய்க் கார்டை அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின்மேல் வைத்தேன். "ரிசர்வ் விரிஞ்சதுக்கு அப்புறமும் ஓடுதுங்க. கடைசிவரைக்கும் பாருங்க" என்றேன். உன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

பெரிய திரையில் ஓட்டினார்கள். தரையில் நடந்ததை நானும் அங்கேதான் முதல்தடவையாகக் கேட்டேன். நீ என்னிடம் ஒரு வரியை மறைத்திருக்கிறாய். "அண்ணிய கேப்பாங்களேண்ணே" என்று நீ அழுகிறாய். "அவள நான் பாத்துக்கறேன், நீ கட்டு" என்கிறார். அவ்வளவு வலியிலும் குரல் தடுமாறவில்லை. நீ ஏன் 'கேட்காதீர்கள்' என்று கெஞ்சினாய் என்று புரிந்தது. அதற்காக உன்மேல் எனக்குக் கொஞ்சம் நன்றி இருக்கிறது, கொஞ்சம்தான்.

முடிவு இது. என் உரிமத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய பயிற்சி உரிமம் ரத்து. உனக்கு இரண்டு வருஷத் தடை. கார்டை நீயாக அனுப்பியதால்தான் இரண்டோடு நின்றது. அடுத்த வாரம் உனக்குக் கடிதம் வரும், அங்கேயும் உன்னைக் குதிக்க விடமாட்டார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர், "சொல்லிட்டா குடுக்கமாட்டேன்னியே, ஏன் குடுத்த?" என்று கேட்டார்.

"அவன் உங்க தம்பி" என்றேன். "என் தலையில போட்டப்போ தெரியாம சொமந்தேன். தெரிஞ்சப்புறமும் புருஷனாச்சேன்னு பாத்தேன். அடுத்த ஆள் தலையில தூக்கி வெக்கறத உக்காந்து பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது."

நான் அவரை விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. போவேனோ என்னவோ, இன்றைக்கு அதை யோசிக்கத் தெம்பில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மடிப்பறை திறக்கிறது. பிரித்துப்போட்ட இருபத்துமூன்று ரிசர்வ் எனக்காகக் காத்திருக்கிறது. நேற்று அந்தப் பல் டாக்டர் போன் செய்து, "என்னோடத முதல்ல மடிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். வரிசைப்படிதான் வரும் என்றேன்.

ஆகவே பகலில் வீட்டில் ஆள் வேண்டும். காலையில் அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், பாத்திரம் எடுத்துக் கொட்ட வேண்டும். என்னால் தாங்க முடியும். ஆனால் தாங்கப்போவதில்லை. உனக்கு இப்போது வேலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் வந்து சேர்.

அண்ணி